பதிப்பகத்துக்குப் போகும் வேர்டு கோப்பு: எதை முதலில், எதைக் கடைசியில்

நாவலோ கட்டுரைத் தொகுப்போ எழுதி முடித்தாயிற்று, இனி பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டத்தில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. இந்தக் கட்டத்தில் புதியவர்கள் நிறைய உழைக்கிறார்கள். அந்த உழைப்பில் பாதி பக்க வடிவமைப்பாளரின் மேசையில் காணாமல் போகிறது. தலைப்புக்கு நிறம் கொடுப்பார்கள், பக்கத்துக்கு பார்டர் போடுவார்கள். ‘அவா்’ என்று ரகரத்துக்குப் பதில் துணைக்கால் விழுந்த சொற்கள் நூற்றுக்கணக்கில் அப்படியே இருக்கும்.

வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும். முதலில் எழுத்துகளைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு அமைப்பு, அதன் பிறகு மொழித் திருத்தம், கடைசியில் மெய்ப்பு (வடிவமைத்த பக்கங்களை அச்சுக்கு முன் படித்துத் திருத்துவது). கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

தேவையானவை: வேர்டு உள்ள கணினி, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ், ஒரு முழுப் பகல் தடையில்லாத நேரம். செல்போனில் எழுதலாம், தவறில்லை. ஆனால் இங்கே சொல்லப்போகும் எதையும் செல்போனில் செய்ய முயலாதீர்கள்.

1. எழுத்தைத் தொடும் முன் பதிப்பகத்திடம் மூன்று கேள்விகள்

பக்க வடிவமைப்பை எந்த மென்பொருளில் செய்கிறார்கள்? இன்டிசைனின் புதிய பதிப்பு என்றால் யூனிகோட் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) கோப்பு நேராகப் போகும். பழைய பேஜ்மேக்கர் என்றால் உங்கள் கோப்பை அவர்கள் வேறு எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றத்தில் பிழை வரும். அப்படியானால் முதல் மெய்ப்பை இரட்டிப்புக் கவனத்தோடு படிக்க வேண்டும் என்று இப்போதே மனதில் வையுங்கள்.

கிரந்த எழுத்து, எண்கள், மேற்கோள்குறி ஆகியவற்றில் அவர்களுக்கென்று நடைமுறை உண்டா? ‘ஹிந்தி’யா ‘இந்தி’யா, ‘பத்து’ என்பதா ‘10’ என்பதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் உங்கள் முடிவே முடிவு. எப்படியானாலும் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, படங்கள். அவற்றை எப்படித் தர வேண்டும், கறுப்பு வெள்ளையா வண்ணமா என்று கேளுங்கள். இதைக் கடைசியில் கேட்டால், வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிப்போன படங்கள்தான் கையில் மிஞ்சும்.

2. விசைப்பலகையை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்

தமிழ்99, அஞ்சல், ஆங்கில ஒலிப்பு முறை என எதுவானாலும் ஒரே நூலுக்குள் மாற்றி மாற்றி அடிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் தனக்கே உரிய வகைப் பிழைகளை விட்டுச் செல்லும். ஒரே வகைப் பிழையைத் தேடுவது சுலபம்.

இனிமேல்தான் பழகப் போகிறீர்கள் என்றால் தமிழ்99 என் சிபாரிசு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் வரும். ‘க’வை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைக்கும், ‘ந்த’, ‘ம்ப’, ‘ங்க’ போன்ற இணைகளுக்கும் அப்படியே. நீண்ட நூல் எழுதுகிறவருக்கு இதனால் விரல்வேலை கணிசமாகக் குறையும்.

குரல் வழியாகத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிறுத்தற்குறி பெரும்பாலும் வராது, ஒற்று பல இடங்களில் விடுபடும், பெயர்ச்சொற்கள் வேறு சொற்களாக மாறி நிற்கும். அன்றன்று பேசியதை அன்றன்றே திருத்திவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் என்ன சொல்ல வந்தோம் என்பது உங்களுக்கே புரியாது.

3. பழைய எழுத்துருவில் இருப்பதை மாற்றுதல்

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த அத்தியாயங்கள் உங்களிடம் இருக்கலாம். அவை ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை; எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றலாம்.

மாற்றும் முன் செய்ய வேண்டிய ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நூலுக்குள் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் கருவி தமிழ் என்றே நினைத்து மாற்றிவிடும். நூற்பெயர், மின்னஞ்சல், இணைய முகவரி எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். அதனால் ஆங்கிலச் சொற்களை முதலில் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிட்டு, அவை இருந்த இடத்தில் ‘1001’, ‘1002’ என்று எண் போடுங்கள். மாற்றி முடித்த பிறகு அந்த எண்களைத் தேடிச் சொற்களைத் திரும்ப வையுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மாறிப்போன ஆங்கிலச் சொல்லை மீட்பது இதைவிடப் பல மடங்கு சலிப்பு.

4. எழுத்துச் சுத்தம்

முழு வேலையிலும் அதிகம் பலன் தருவது இந்தப் படி. திரையில் சரியாகத் தெரியும் எழுத்து உள்ளே வேறாக இருக்கலாம். அப்படி இருந்தால் தேடலில் சிக்காது, பிழைதிருத்தி குழம்பும், மின்னூலில் வாசகர் தேடினால் கிடைக்காது.

லிப்ரே ஆபீஸில் கோப்பைத் திறந்து, கண்ட்ரோலும் எச் விசையும் சேர்த்து அழுத்தினால் ‘கண்டுபிடித்து மாற்று’ பெட்டி வரும். இந்த வேலையை ஸ்டைல் (இது தலைப்பு, இது பத்தி என்று மென்பொருளுக்குச் சொல்லும் அடையாளம்; படி 6) போடும் முன் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வேர்டுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் இடையே கோப்பு போய் வரும்போது அலங்காரம் சற்றுக் கலையும். அலங்காரமே இல்லாத நிலையில் கலைய எதுவும் இல்லை.

முதலில், யோசிக்காமல் மொத்தமாக மாற்றக்கூடியவை:

- ‘ா்’ என்பதை ‘ர்’ ஆக்குங்கள். ‘பாா்த்தாா்’ என்பதில் இருப்பவை துணைக்காலின் மேல் வைத்த புள்ளிகள். துணைக்காலுக்குப் பின் புள்ளி தமிழில் எங்குமே வராது, ஆகவே அச்சமில்லாமல் மாற்றலாம்.
- ‘ாி’ என்பதை ‘ரி’ ஆகவும் ‘ாீ’ என்பதை ‘ரீ’ ஆகவும் மாற்றுங்கள். ‘மாாி’, ‘நாி’ என்று ஒளிந்திருக்கும். இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து வருவது எப்போதும் பிழை.
- ஒரே எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒன்றாக்குங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக விழுவதால் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியலாம்.
- ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக அடிக்கப்பட்ட ‘கொ’, இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியான ‘கோ’. ஒரே குறியாக இருக்கும் ‘ொ’, ‘ோ’ ஆக இவற்றை மாற்றுங்கள். எது எது என்று கண்ணால் அறிய முடியாது. எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள்: கால் மட்டும் போய்க் கொம்பு மிஞ்சினால் அது இரண்டு துண்டு.

அடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டியது. ஔகாரத்துக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போடுவது இன்று பத்திரிகைகளிலேயே பரவலாக இருக்கிறது. ‘கெளரவம்’, ‘மெளனம்’, ‘பெளர்ணமி’, ‘செளகரியம்’, ‘ஒளவையார்’. இவை முறையே கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம், ஔவையார் என்று இருக்க வேண்டும். ‘ெள’ என்று தேடி மொத்தமாக மாற்றிவிட்டால் தெளிவு, வெள்ளம், வெளிச்சம் எல்லாம் பாழ். ஆகவே ‘கெளர’, ‘மெளன’, ‘பெளர்’, ‘பெளத்த’, ‘ஒளவை’ என்று சொல்லின் துண்டைக் கொடுத்துத் தேடுங்கள்.

இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய மேற்கோள்களில் அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். சொல்லின் நடுவே அம்புக்குறி விசையால் நகர்ந்து பாருங்கள். ஒரு தட்டலுக்குக் கர்சர் நகராமல் நின்றால் அங்கே ஒன்று இருக்கிறது. ஷிப்ட்டை அழுத்தி அதை மட்டும் தேர்ந்து, காப்பி எடுத்து, தேடல் பெட்டியில் ஒட்டி, மாற்றுப் பெட்டியைக் காலியாக விட்டு நீக்குங்கள். நீக்கிய பிறகு ‘ரிக்‌ஷா’ போன்ற சொற்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். ககரமும் ஷகரமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அங்கே அந்தக் குறி வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கலாம்.

5. இடைவெளியும் நிறுத்தற்குறியும்

இரண்டு இடைவெளிகளை ஒன்றாக்குங்கள். ‘மாற்ற எதுவும் இல்லை’ என்று வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் முன்னால் உள்ள இடைவெளியை நீக்குங்கள். பத்திகளுக்கு நடுவே வெற்றுப் பத்தி வேண்டாம். மேற்கோள்குறி நேராகவோ வளைவாகவோ இருக்கலாம், கலந்து மட்டும் இருக்கக்கூடாது.

வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் பத்திக்குறிகளும் இடைவெளிப் புள்ளிகளும் தெரியும். பலருக்கு இந்தக் காட்சி முதலில் எரிச்சலாக இருக்கும். இந்தப் படி முடியும்வரையாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

6. ஸ்டைல் போடுதல்

இனி வேர்டுக்குத் திரும்பலாம். அத்தியாயத் தலைப்பைத் தேர்ந்து, எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. வடிவமைப்பாளரின் மென்பொருளுக்கு அது தலைப்பு என்று தெரியாது, பெரிய எழுத்தில் இருக்கும் இன்னொரு பத்தி என்றுதான் தெரியும். ‘ஹெடிங் 1’ என்ற ஸ்டைலைப் போட்டால், இன்டிசைனில் கோப்பைக் கொண்டுவரும்போது அவர் தன் தலைப்பு ஸ்டைலோடு அதை இணைத்துவிடுவார். முப்பது அத்தியாயமும் ஒரே நொடியில் மாறும். உங்களுக்கும் லாபம் உண்டு: பக்கவாட்டில் அத்தியாயப் பட்டியல் தோன்றும், பொருளடக்கம் தானே உருவாகும்.

ஒரு நாவலுக்கு நான்கைந்து ஸ்டைல் போதும்: தலைப்பு, உடற்பத்தி, கவிதை வரி, மேற்கோள், கடிதம்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். ஸ்டைலில் எழுத்துருவையும் அளவையும் மாற்றுவீர்கள், ஆங்கிலம் மாறும், தமிழ் அசையாது. வேர்டு தமிழைக் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற தனிப் பிரிவில் வைத்திருப்பதே காரணம். ஸ்டைலின் ஃபான்ட் பெட்டிக்குள் போனால் லத்தீனுக்கு ஓர் இடமும் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கு இன்னோர் இடமும் இருக்கும். தமிழ் எழுத்துருவையும் அளவையும் இரண்டாவதில் கொடுங்கள். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால், ஆபீஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறவுங்கள். லிப்ரே ஆபீஸிலும் இதே கதைதான்.

எழுத்துரு எது என்பதில் நேரம் செலவழிக்காதீர்கள். விண்டோஸில் கிடைக்கும் லதா, நிர்மலா, அல்லது இலவசமான நோட்டோ செரிஃப் தமிழ் போதும். நூலின் எழுத்துருவைத் தீர்மானிப்பவர் வடிவமைப்பாளர்.

அத்தியாயம் புதிய பக்கத்தில் தொடங்க என்டரைப் பத்து முறை தட்டாதீர்கள், கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள். பத்தியின் முதல் வரியை ஸ்பேஸால் தள்ளாதீர்கள். ஸ்டைலிலேயே முதல் வரி உள்தள்ளலைக் கொடுங்கள். அடிக்குறிப்புக்குச் சின்ன எண்ணைக் கையால் மேலேற்றி வைக்காமல் வேர்டின் அடிக்குறிப்பு வசதியையே பயன்படுத்துங்கள். நடுவில் ஒன்றைச் சேர்த்தால் மற்ற எண்கள் தாமே நகரும்.

7. மொழித் திருத்தம்: முதலில் தேடல், பிறகு வாசிப்பு

கண்ணால் படித்துக் கண்டுபிடிப்பதைவிடத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் தமிழில் ஏராளம். இலக்கண விதி கறாராக இருக்கும் இடத்தில் தேடலும் கறாராக வேலை செய்யும்.

றகர மெய்க்கும் டகர மெய்க்கும் பின்னால் இன்னொரு வல்லின ஒற்று வராது. ஆகவே ‘ற்ச்’, ‘ற்ப்’, ‘ற்க்’, ‘ட்ச்’, ‘ட்ப்’, ‘ட்க்’ என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ‘முயற்ச்சி’, ‘கற்ப்பனை’, ‘காட்ச்சி’, ‘நட்ப்பு’ எல்லாம் அகப்படும். டகரத்தில் மட்டும் பிறமொழிப் பெயர்கள் விதிவிலக்காக வரலாம், பார்த்து விடுங்கள்.

அடுத்து விடுபட்ட ஒற்று. லிப்ரே ஆபீஸின் தேடல் பெட்டியில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ (பல சொல் வடிவங்களை ஒரே தேடலில் பிடிக்கும் வசதி) என்பதைத் தேர்ந்துகொண்டு, இதைக் கொடுங்கள்:

(அந்த|இந்த|எந்த|அப்படி|இப்படி|எப்படி) [கசதப]

‘அந்த கடை’, ‘எப்படி சொல்வது’ போன்றவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ‘அந்தக் கடை’, ‘எப்படிச் சொல்வது’ என்று திருத்துங்கள். லிப்ரே ஆபீஸில் தேடி, திருத்தத்தை வேர்டில் செய்தால் ஸ்டைல் கலையாது.

‘க்கு [கசதப]’ என்று தேடினால் நான்காம் வேற்றுமை இடங்கள் வரும். ‘வீட்டுக்கு போனான்’ என்பதில் ஒற்று வேண்டும். ஆனால் ‘விளக்கு சரிந்தது’ என்பதும் அதே பட்டியலில் வரும். அது எழுவாய், அங்கே ஒற்றுக்கு வேலை இல்லை. ‘ை [கசதப]’ தேடலிலும் அப்படித்தான்: ‘கதவை தட்டினான்’ பிழை, ‘மழை பெய்தது’ சரி. இந்த இரண்டிலும் மொத்தமாக மாற்று என்ற பொத்தானின் பக்கமே போகாதீர்கள்.

ஒற்றை விடுவதைவிட மோசமானது தேவையில்லாத இடத்தில் போடுவது. திருத்தத் தொடங்கிய உற்சாகத்தில் ‘என்றுச் சொன்னான்’, ‘வந்தப் பையன்’, ‘செய்துக் கொடுத்தாள்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ‘என்று’வுக்குப் பின் மிகாது. பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. ‘செய்து’, ‘வந்து’ போன்றவற்றுக்குப் பின்னும் மிகாது; ‘எடுத்து’, ‘கேட்டு’ போல வல்லொற்றை ஒட்டி முடிபவற்றுக்குப் பின் மிகும். வாணி பிழைதிருத்தியும் நாவி சந்திப்பிழைதிருத்தியும் இணையத்தில் இருக்கின்றன. அவற்றை நல்ல உதவியாளர்களாக வைத்துக்கொள்ளலாம். இறுதி முடிவை அவற்றிடம் விடக்கூடாது, முக்கியமாக வட்டார வழக்கு உரையாடல்களில்.

பிறகு ஒருமைப்பாடு. ஒரு தனித் தாளில் உங்கள் முடிவுகளை எழுதிக்கொண்டே வாருங்கள்: ‘வந்துவிட்டான்’ சேர்த்தா பிரித்தா, ‘போலீஸ்’ஆ ‘போலிஸ்’ஆ, பாத்திரத்தின் பெயர் ‘சுப்ரமணி’யா ‘சுப்பிரமணி’யா. ஒவ்வொரு முடிவையும் எழுதியவுடன், கைவிட்ட வடிவத்தைத் தேடி மாற்றுங்கள். கோப்போடு இந்தத் தாளையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் மெய்ப்பு பார்ப்பவர் நீங்கள் வேண்டுமென்றே எழுதியதை நல்லெண்ணத்தோடு ‘திருத்தி’ வைப்பார்.

கடைசியாகக் காதால் கேளுங்கள். கோப்பை இணையப் பக்கமாகச் சேமித்து எட்ஜ் உலாவியில் திறந்தால், பல்லவி, வள்ளுவர் என்ற தமிழ்க் குரல்களில் ஒன்று வாசித்துக் காட்டும். உணர்ச்சியில்லாத வாசிப்புதான், அதுதான் நமக்கு வேண்டியது. விடுபட்ட சொல்லும் இரண்டு முறை வந்த சொல்லும் காதில் உடனே உறுத்தும். கண் அவற்றைத் தானே நிரப்பிக்கொண்டு போய்விடும்.

8. பதிப்பாசிரியரின் திருத்தங்களைக் கையாளுதல்

பதிப்பாசிரியர் ட்ராக் சேஞ்சஸ் (செய்யும் திருத்தங்களைக் கோடிட்டுக் காட்டும் வேர்டு வசதி) போட்டுத் திருத்தி அனுப்புவார். அந்தக் கோப்பிலேயே வேலை செய்யுங்கள். பழைய கோப்பில் வேறு திருத்தம் செய்துகொண்டிருந்தால் இரண்டையும் பிறகு சேர்ப்பது நரகம். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போடுங்கள்; கோப்புகள் தாமே காலவரிசையில் நிற்கும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்ற பெயர்கள் யாருக்கும் உதவியதில்லை.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ‘நோ மார்க்கப்’ என்ற காட்சியைத் தேர்ந்ததும் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும், வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள். கோடுகள் மறைந்தனவே தவிரத் திருத்தங்கள் இன்னும் ஏற்கப்படவில்லை. ஒவ்வொன்றையும் ஏற்று அல்லது மறுத்து முடித்து, குறிப்புகளை நீக்கி, ட்ராக் சேஞ்சஸை அணைத்து, அதன் பிறகு அனுப்புங்கள்.

9. அனுப்புதல்

வேர்டு கோப்பும் அதன் பிடிஎஃப்பும் இரண்டும் வேண்டும். பிடிஎஃப் பார்த்துச் சரிபார்க்க மட்டும். அதிலிருந்து தமிழை வெட்டி எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். படங்களை வேர்டுக்குள் ஒட்டாமல் தனிக் கோப்புகளாக, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில், எண் போட்டுத் தாருங்கள். எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்பதை மட்டும் வேர்டில் எழுதுங்கள்.

10. மெய்ப்பு

வடிவமைத்த பக்கங்கள் வந்ததும் முதல் பத்துப் பக்கத்தைப் படிக்காமல் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி’ காம்போசரை (எழுத்துகளை வரியில் அடுக்கும் அமைப்பு) தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படி ஆகும். தனித்தனியாகக் குறிக்க வேண்டாம், வடிவமைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் நூல் முழுக்கச் சரியாகும்.

அதன் பிறகு படியுங்கள். இந்தக் கட்டத்தில் வாக்கியங்களைச் செதுக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு பத்தியில் இரண்டு வரி கூடினால் அந்த அத்தியாயத்தின் மிச்சப் பக்கங்கள் எல்லாம் நகரும். ஓர் அத்தியாயம் அடுத்த பக்கத்துக்கு வழிந்தால் பொருளடக்கத்தின் எண்களும் பொய்யாகும். நூல் பதினாறு பக்க ஃபாரமாக (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி) அச்சாகிறது என்றால், கடைசியில் கூடும் ஒரு பக்கம் செலவுக் கணக்கையே மாற்றலாம். பிழையை மட்டும் திருத்துங்கள். சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்றால் அதே நீளமுள்ள சொல்லாகத் தேடுங்கள்.

திருத்தங்களைப் பக்க எண், வரி எண், உள்ளபடி, வேண்டியபடி என்று நான்கு நெடுவரிசைகளாக எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லாதீர்கள், ‘ழ’வும் ‘ள’வும் அங்கே ஒன்றுதான். இரண்டாம் மெய்ப்பு வந்ததும் நீங்கள் சொன்ன இடத்தை மட்டுமல்லாமல் அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் பாருங்கள். ஒரு பிழையைத் திருத்தும்போது பக்கத்தில் இன்னொன்று விழுவது அச்சுத் தொழிலில் சகஜம்.

நூல் அச்சுக்குப் போன அன்றே மெய்ப்பில் செய்த திருத்தங்கள் அத்தனையையும் உங்கள் வேர்டு கோப்பிலும் ஏற்றிவிடுங்கள். கிண்டில் பதிப்பும் அடுத்த பதிப்பும் பெரும்பாலும் அந்தக் கோப்பிலிருந்துதான் வரும். ஏற்றாவிட்டால் நீங்கள் களைந்த பிழைகள் அத்தனையும் அங்கே மறுபடி அச்சேறும்.